பென்சில் படாத நெகட்டிவ்

"…அவளுக்கே மாப்பிள்ளை பாத்துருங்கம்மா. எல்லாருக்கும் அவளைத்தானே பிடிச்சிருக்கு? வாரவுக எல்லாம் அவளைப் பாக்கத்தானே வாராக? நான் குறுக்க நிக்கல. அவளுக்குச் சீலை எடுங்க, அவளுக்குக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லுங்க. நானும் வந்து ரெண்டு பூவை அள்ளிப் போட்டுட்டுப் போறேன்."

அக்கா அம்மாவிடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த 'அவள்' அக்காவின் கையில்தான் இருந்தாள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய போட்டோ. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து நூல் கட்டி, தபாலில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதை ஒரு மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று முடிவான பிறகு பெண்ணின் போட்டோ அடுத்தவர் வீட்டில் கிடக்கக் கூடாது. கேட்காமலே அனுப்பிவிடுவார்கள். கடிதம் எதுவும் இருக்காது. அட்டையைத் தொட்டுப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிடும்.

போட்டோவில் இருந்தவளுக்குக் கன்னம் வழவழவென்று இருந்தது. அக்காவுக்கு அப்படி இல்லை. ஏழு வயதில் பெரியம்மை போட்டுப் பிழைத்தவள் அவள். நெற்றியில் கொஞ்சம், இரண்டு கன்னத்திலும் நிறைய, மூக்கு நுனியில் ஒன்று என்று தழும்புகள் தங்கிவிட்டன. அந்தக் காலத்தில் அது ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் நாகல் நகர் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் அப்படி இருந்தார்கள். ஆனால் கல்யாணம் என்று வந்துவிட்டால் மட்டும், உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் அம்மை போட்டது போலப் பார்ப்பார்கள்.

எங்கள் அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே காலமாகிவிட்டார். அக்கா என்னை விட நாலு வயது மூத்தவள். பெண் பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். அவளுக்கு இருபத்தாறு முடிந்துவிட்டது என்பதை அம்மா ராத்திரி ஜெபத்தில் மாதாவுக்கு ஞாபகப்படுத்துவாள். அதை அக்கா கேட்டுவிட்டால், "மாதாவுக்குக் கணக்கு தெரியும்மா, நீங்க சத்தம் போட்டு என் வயசைத் தெருவுக்குச் சொல்லாதீக" என்பாள்.

முதல் தடவை பெண் பார்க்க வந்தவர்கள் மதுரைப் பக்கத்து ஆட்கள். அக்கா தட்டில் காப்பி எடுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி தம்ளரை வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி நல்லா இருக்கும்மா. சரி, பொண்ணை வரச் சொல்லுங்க" என்றாள். அந்த அம்மாள் மேல் குற்றம் இல்லை. அவள் மடியில் அந்தப் போட்டோ இருந்தது. போட்டோவைப் பார்த்தவள் எதிரே நின்றவளை எப்படி அடையாளம் காண்பாள்? அக்கா, "நான்தான் பொண்ணு" என்று சொல்லிவிட்டு, மற்ற தம்ளர்களையும் கொடுத்து முடித்துத்தான் உள்ளே வந்தாள். இரண்டாம் தடவை வந்தவர்கள் நாகரிகமானவர்கள். ஒன்றும் கேட்கவில்லை, போட்டோவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கலந்து பேசிவிட்டு எழுதுகிறோம் என்று போனார்கள். எழுதவில்லை. அட்டைதான் வந்தது.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நான் அப்போது புகையிலையைச் சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் குமாஸ்தா. சிலோனிலிருந்து திரும்பி வந்த ஒருவர் தம்முடைய மடக்குக் கேமராவை விற்க, நான் அதை வாங்கிவிட்டேன். வாங்கிய அன்று அதை எப்படித் திறப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. சொல்லித் தர ஆள் இல்லை. படிப்பதற்குப் புத்தகம் இல்லை. இருந்த ஒன்றிரண்டும் இங்கிலீஷில் இருந்தன. ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடு வீடாகப் போய், சுவரில் மாட்டியிருக்கும் போட்டோக்களைப் பார்ப்பது.

சிரிக்காதீர்கள். எனக்கு அதுதான் காலேஜ். அந்தக் காலத்து வீடுகளில் நுழைந்ததும் எதிர்ச் சுவரில், கொஞ்சம் முன்னால் சாய்ந்தாற்போல, வரிசையாகச் சட்டம் போட்ட போட்டோக்கள் இருக்கும். "அத்தை, உங்க வீட்டுப் போட்டோவை ஒரு தடவை பாத்துக்கிடவா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொன்னதில்லை. மோர் வேறு கிடைக்கும். நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது, கண்ணுக்குள் தெரியும் வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் பக்கத்தில் நின்று ஆளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "இந்தா, கோட்டுப் போட்டு நிக்காரே எங்க சின்ன மாமா, அந்தக் கோட்டு அவரு கோட்டு இல்ல அப்பு. அவருக்கு இருந்தது ஒரே ஒரு அரைக்கைச் சட்டை. அதையும் மாமிதான் உடுத்திக்கிட்டு நாத்து நடப் போகும்."

பார்க்கப் பார்க்க ஒரு கூத்து பிடிபட்டது. அந்தக் கோட்டு ஒரே கோட்டு. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் ஆணியில் தொங்கியது. நான் அதைப் பதினோரு வீட்டுச் சுவரில் பார்த்திருக்கிறேன். ஒல்லியான மாப்பிள்ளைக்குத் தோள் தொங்கும். தடித்தவருக்குப் பித்தான் போடாமல் விட்டிருப்பார்கள். பின்னால் திரைச்சீலையில் ஒரு அரண்மனைப் படிக்கட்டும் ஒரு குளமும் அதில் ஒரு அன்னமும். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். போட்டோவில் மட்டும் எல்லாரும் குளத்தங்கரையில் நின்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் அவருடைய கல்யாணப் போட்டோ. அதற்கு நேர் கீழே அவர் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. மேலே அண்ணாந்து பார்த்தேன். போட்டோவில் ஒன்றுகூட இல்லை. "மாமா, உங்களுக்கு அம்மை கல்யாணத்துக்கு அப்புறமா போட்டுச்சு?" என்று கேட்டேன். அவர், "போடா கோட்டிப்பயலே, நான் கால்சட்டை போடாத வயசுல போட்டது" என்றார். அதற்குப் பிறகு நான் பார்த்த வீடுகளில் எல்லாம் அதையே தேடினேன். தெருவில் பாதிப் பேருக்குத் தழும்பு. சுவரில் ஒருவருக்கும் இல்லை. அத்தனை சுவர்களையும் பார்த்தால் எங்கள் ஊருக்கு அம்மை வந்ததற்குச் சாட்சியே கிடையாது.

நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் எனக்கு எதையும் கற்றுக் கொடுக்க மாட்டார். அவரிடம் பிலிமும் பேப்பரும் வாங்குகிறேன் என்பதற்காக, கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் இருட்டறையை விடுவார். வாய் மட்டும் நிற்காது.

"வாங்க குமாஸ்தா! என்ன, மூஞ்சி போலீஸ்காரன் மாதிரி இருக்கு?"

"அண்ணே, தழும்பெல்லாம் எங்க போகுது?"

அவர் சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் இருந்த சாய்வு மேசையைக் காட்டினார். நடுவே கண்ணாடி வைத்த மேசை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். அதன் மேல் நெகட்டிவை வைத்து, ஊசி போலச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுப்பார். தழும்பின் குழி நெகட்டிவில் வெளுப்பாகத் தெரியும். பென்சில் கரி அந்த வெளுப்பை நிரப்பிவிட்டால், அச்சில் கன்னம் சமமாகிவிடும்.

"ஒரு மூஞ்சிக்கு ரெண்டு மணி நேரம் ஆகும் தம்பி. உங்க அக்காவுக்கு ஒரு நாள் முழுக்க உட்காந்தேன். யாரும் சொல்லல, நானாத்தான் செஞ்சேன். பென்சில் படாத நெகட்டிவ் வச்சு அச்சுப் போட்டுக் கொடுத்தா, மூஞ்சி கழுவாம கோயிலுக்கு அனுப்புன மாதிரி எனக்கு இருக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. அன்போடுதான் செய்திருந்தார். அந்தப் போட்டோ வந்த அன்று அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எம் பிள்ளை மொகத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டாரே மகராசன்" என்று அழுதது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. அக்கா பேசும்போது வாயோரத்தில் ஒரு மடிப்பு விழும். அவள் கிண்டல் பண்ணப் போகிறாள் என்பதை நாங்கள் அதை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். தழும்போடு தழும்பாக அந்த மடிப்பும் போயிருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம், "நான் உன்னை எடுக்கறேன்க்கா. பென்சில் வைக்க விட மாட்டேன்" என்றேன்.

அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "எடு. ஆனா என்னை எடு. வேற எவளையாச்சும் எடுத்துட்டு வந்துறாத" என்றாள்.

வந்தது வேற எவளோதான். அதைச் சொல்ல இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் மறைத்ததை எல்லாம் நான் காட்டிவிட வேண்டும் என்ற வேகம் எனக்கு. காலை பத்து மணி வெயிலில் அக்காவைக் கொல்லைப்புறம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, வெயில் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கிற மாதிரி திருப்பி, எடுத்தேன். பிலிமைக் கழுவி, அச்சுப் போட்டு, ஈரம் காய்வதற்குள் வீட்டுக்கு ஓடி வந்தேன். பெரிய உண்மையைப் பிடித்துவிட்டேன் என்று நினைப்பு.

அக்கா அதைக் கையில் வாங்கினாள். அவள் முகத்தில் இருந்த ஒவ்வொரு குழிக்கும் பக்கத்திலேயே ஒரு நிழல் விழுந்திருந்தது. ஒரு தழும்பு இரண்டு தழும்பாகி, கன்னமே கொத்திப்போட்ட நிலம் மாதிரி இருந்தது. வாயோரத்தில் மடிப்பு விழவே இல்லை. போட்டோவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா எட்டிப் பார்த்து, "அட படுபாவி, கூடப் பிறந்தவளை இப்படியாடா பாத்தே?" என்றாள்.

ஸ்டுடியோக்காரரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "குமாஸ்தா, அந்தப் பிள்ளைக்கு ஏழு வயசுல அம்மை போட்டுச்சு. இருபத்தாறுல நீங்க இன்னொரு தடவை போட்டுட்டீங்க" என்றார்.

பத்து நாள் அக்கா என்னோடு பேசவில்லை. பேச வேண்டியது இருந்தால் அம்மாவிடம் சொல்வாள். "அம்மா, தம்பியைச் சாப்பிடச் சொல்லுங்க. வெஞ்சனம் ஆறிப் போகுது." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மாவும் என்னைப் பார்த்து, "வெஞ்சனம் ஆறுதாம்" என்பாள்.

அந்தப் பத்து நாளும் கிட்டங்கியில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு போட்டோக்களையும் புகையிலைச் சிப்பத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்று அவர் எடுத்தது, ஒன்று நான் எடுத்தது. முதலில் அவருடையது பொய், என்னுடையது கொஞ்சம் கடுமையான உண்மை என்றுதான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்க்கப் பார்க்க அந்தச் சமாதானம் நிற்கவில்லை. நான் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற அக்கா இரண்டிலும் இல்லை. அவளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தெரிவது கண். அப்புறம் வாய். தழும்பு எப்போதாவது தெரியும். என் போட்டோவில் முதலில் தெரிந்தது நிழல். அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு வெயிலை அவள் முகத்தில் அடித்தவன் நான்தான்.

பதினொன்றாம் நாள் அக்கா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். அம்மா என்னைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். தலைமையாசிரியை ஒரு கன்னிகாஸ்திரி. மதர் என்று சொல்வோம். அவருடைய அறையில் காத்திருந்தபோது, சுவரில் டீச்சர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்த குரூப் போட்டோ தொங்கியது. பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வரிசையில் மூன்றாவதாக அக்கா நின்றாள். எங்கள் அக்காவேதான். தழும்பு இருந்தது, எண்ணிவிடலாம். ஆனாலும் முதலில் கண்தான் தெரிந்தது. வாயோரத்தில் மடிப்பு இருந்தது. குரூப் போட்டோவில் ஒவ்வொரு தலையும் சுண்டைக்காய் அளவுதான். அதில் பென்சில் ஓட்ட முடியாது, யாரும் ஓட்டவும் இல்லை. அது விளங்கிவிட்டது. ஆனால் எடுத்தவர் என்ன செய்தார்? எந்த ஊர்க்காரரோ, பெயர்கூட அட்டையில் இல்லை. மூக்குக்குக் கீழே பார்த்தேன், தாடைக்குக் கீழே பார்த்தேன். யாருக்கும் கறுப்பு நிழல் இல்லை. பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவர் பின்னால் தெரிந்தது. அந்தச் சுவரில் வெயில் இல்லை என்றால் காலை நேரம். கட்டடத்தின் நிழலுக்குள் எல்லாரையும் நிறுத்தியிருக்கிறார். முன்னால் முழு வானமும் மைதானமும் வெறிச்சென்று கிடக்கின்றன. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து அடிக்காமல் எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கிறது. மைதானத்து மண் வேறு கீழேயிருந்து கொஞ்சம் வெளிச்சத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. இதை அவர் அக்காவுக்காகச் செய்யவில்லை. இருபது பேர் கண் கூசாமல் நிற்க வேண்டுமே என்று செய்திருப்பார்.

மதர் உள்ளே வந்தார். "என்ன தம்பி, எறும்பு பிடிக்கிறீங்களா?"

"இல்லைங்க மதர், எங்க அக்காவைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"வீட்டுல பாக்க மாட்டீங்களா?"

தூக்கை நீட்டினேன். பின்னாலேயே வந்து நின்ற அக்காவும் அதைக் கேட்டுவிட்டாள். பத்து நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு, "வந்த எடத்துல மானத்தை வாங்காத, போ" என்பதுதான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் கெஞ்சினேன். அம்மா, "இன்னும் என்னத்தைக் குத்திக் கிழிக்கப் போறே?" என்றாள். ஆனால் அக்கா ஒரு நாள் தலையைப் பின்னிக்கொண்டே, "ஒரே ஒரு தடவைதான். அதுக்கு மேல கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தே, கிணத்துல போட்டுருவேன்" என்றாள்.

சனிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் லீவு. மதரிடம் அனுமதி வாங்கி, அதே மேற்குச் சுவர், அதே நிழல். என் ரோலில் பன்னிரண்டு படம். முதல் எட்டு படத்துக்கு அக்கா ஸ்டுடியோவில் சொல்லிக் கொடுத்த மாதிரியே நின்றாள். தாடையைத் தாழ்த்தி, தழும்பு அதிகமாக இருந்த கன்னத்தை அந்தப் பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. "அக்கா, சும்மா நில்லேன்" என்றால், "சும்மாதானே நிக்கேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். ஒரு மனுஷிக்குத் தன் முகத்தை எந்தப் பக்கம் ஒளிக்க வேண்டும் என்று யாரோ கற்றுக் கொடுத்துவிட்டால், அதை மறக்க வைப்பது லேசில்லை.

அப்போது ஒரு வெள்ளாடு வந்தது. வேலிப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது எப்போது வந்தது என்று தெரியவில்லை. கீழே வைத்திருந்த என் பையில் தலையை விட்டு, பிலிம் சுற்றி வந்த காகிதத்தை இழுத்து மென்றது. நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தேன். அக்காதான் பார்த்தாள். "ஏலே! ஏலே! உன் தொழிலைத் தின்னுதுடா அது! விரட்டுடா! அதுவே பரவால்ல, அதாச்சும் எடுத்த போட்டோவை விழுங்கிரும்!" என்று கத்திக்கொண்டே, முகத்தை நேராக என் பக்கம் திருப்பிச் சிரித்தாள். நான் ஆட்டை விரட்டவில்லை. அமுக்கினேன்.

ஸ்டுடியோக்காரர்தான் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார். நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் அவருடைய வலது கை தானாகவே பென்சிலைத் தேடிப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க குமாஸ்தா, ரெண்டே ரெண்டு புள்ளி. மூக்கு நுனியில."

"வேணாம்ண்ணே. மூக்கு அவளோடது."

அச்சு காய்ந்த பிறகு அவர் அதை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். "இதை என் ஷோகேஸ்ல வைக்க முடியாது" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா தம்பி, இதைப் பாத்தா இந்த அம்மா என்னைத் திட்டப் போறாங்கன்னு பயமா இருக்கு. நான் செஞ்ச போட்டோவைப் பாத்து எவனுக்கும் பயம் வந்ததில்ல" என்றார்.

அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆடு எங்க?" என்று மட்டும் கேட்டாள். வாயோரத்தில் மடிப்பு விழுந்தது. எனக்கு அது போதும்.

ஆனால் வீட்டுக்குள் சண்டை அப்போதுதான் ஆரம்பித்தது. எங்கள் தாய்மாமா பழனிக்குப் பக்கத்தில் கீரனூரில் ஒரு இடம் சொல்லியிருந்தார். எங்களைப் போல வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம்தான், கொஞ்சம் தோட்டம், தென்னை, பையன் வாத்தியார். போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எதை அனுப்புவது?

அம்மா ஸ்டுடியோ போட்டோவைத் துடைத்து வைத்துவிட்டாள். "மொதல்ல வீட்டு வாசல்ல வந்து ஏறட்டும். வந்து ரெண்டு வார்த்தை பேசுனா எம் பிள்ளையை யாருக்குப் பிடிக்காம போகும்? வரவே இல்லைன்னா என்ன செய்வே?"

"வரலைன்னா வராம இருக்கட்டும். வந்து காப்பியைக் குடிச்சிட்டுப் பொண்ணு எங்கன்னு கேக்கறதுக்கு, அவுக ஊர்லயே இருந்துக்கிடலாம்."

"இப்படியே பேசு. எனக்கப்புறம் உன்னை யாரு பாப்பா?"

இந்த இடமும் போனால் அடுத்தது இரண்டாந்தாரம்தான் என்று மாமா வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா எழுந்து, நான் எடுத்த போட்டோவை உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டி, என் சட்டைப் பையில் செருகினாள். அம்மா தடுக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் தபால்பெட்டிக்குப் போய், உறையைப் பெட்டியின் வாய்க்குள் வைத்துவிட்டு விடுவதற்குக் கொஞ்சம் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவேளை நான் எடுத்த படத்தால்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் போய்விட்டால்?

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே அம்மா வாசலில் நிற்பாள். அட்டை இருக்கிறதா என்று அவர் கையைத்தான் பார்ப்பாள். நாலாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு வருகிறோம் என்று எழுதி, பையனுடைய போட்டோவையும் வைத்திருந்தார்கள்.

அம்மா அதை மாதா படத்துக்கு முன்னால் வைக்கப் போனாள். அக்கா குறுக்கே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"ஏலே, இங்க வா. உன் பூதக்கண்ணாடியை எடு. இதுல எங்கெங்க கை வச்சிருக்காகன்னு சொல்லு."

நான் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கோட்டு பழனிப் பக்கத்து ஸ்டுடியோ கோட்டு. கை நாலு விரல்கடை குட்டையாக இருந்தது. முகத்தில் பென்சில் கொஞ்சம் ஓடியிருந்தது. அது எல்லாருக்கும் ஓடுவதுதான். பிறகு போட்டோவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். அச்சின் மேல் தூரிகையால் மை தொட்டிருந்தால், அந்த இடம் மட்டும் பளபளப்பு இல்லாமல் மங்கலாகத் தெரியும். முன்நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் மங்கல்.

"அக்கா, தலைமுடி…"

"என்ன தலைமுடிக்கு?"

"முன்பக்கம் இருக்கறது மை."

"எம்புட்டு?"

நான் என் தலையிலேயே கையை வைத்து அளந்து காட்டினேன். அம்மா, "வாயை மூடுடா, மாப்பிள்ளையைப் போய்!" என்று அதட்டினாள். அக்கா போட்டோவைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. "வரட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாமா முன்னதாகவே வந்துவிட்டார். பதினொரு மணிக்கு மேல் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் ஒரு பெரியப்பாவும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் செருப்பை விடக் குனிந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் அளந்து காட்டியது குறைவு என்று. நெற்றி நேராக உச்சிக்குப் போய்விட்டது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முகம் பிள்ளை முகம். கோட்டு இல்லை. வெள்ளைச் சட்டை.

அக்கா தட்டோடு வந்து, வழக்கம் போல அடுப்படி நிலையை ஒட்டி நின்றாள். அந்த இடத்தில் வெளிச்சம் பாதிதான் விழும். அம்மாதான் எப்போதும் அங்கே நிற்கச் சொல்வாள். மாப்பிள்ளையின் அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து போட்டோவை எடுத்தார். எங்கள் அம்மாவின் விரல்கள் ஜெபமாலையை இறுக்குவது எனக்குத் தெரிந்தது. அந்த அம்மா ஒரு தடவைதான் பார்த்தார். "ஏனுங்க, படத்துல இருக்கற அதே அம்மணிதானுங்க" என்று அந்தப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, போட்டோவை மறுபடியும் சுருக்குப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை காப்பியை எடுக்கவில்லை. எழுந்து நின்றார். பிள்ளைகள் முன்னால் பாடம் மறந்துபோன வாத்தியார் மாதிரி ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு விஷயம் சொல்லிப்போடறனுங்க. நாங்க அனுப்புன போட்டோவுல இருக்கற முடி நம்முளுது இல்லீங்க. நான் கேக்கவே இல்லீங்க, ஸ்டுடியோக்காரரு அவராவே எழுதிப்போட்டாரு. உங்க படத்தைப் பாத்ததுல இருந்து எனக்கு ரொம்பக் கூச்சமாப் போச்சுங்க. வேற எடுத்து அனுப்பலாம்னுதான் நெனச்சேன். அம்மா அதுக்குள்ள தபால்ல போட்டுப்போட்டாங்க."

"நீ சும்மா உக்காருடா சாமி" என்று அவருடைய அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. அக்காவின் பதிலுக்காக நின்றார். பெண் பார்க்கிற இடத்தில் பெண் பதில் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் அப்போது கிடையாது. எங்கள் அம்மா என்னைப் பார்த்தாள், நான் மாமாவைப் பார்த்தேன், மாமா கூரையைப் பார்த்தார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். அடுப்படி நிலையை விட்டு வெளியே வந்து, ஓரத்தில் கிடந்த முக்காலியை இழுத்து, வாசல் வெளிச்சம் முழுசாக விழுகிற இடத்தில் போட்டு, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.